ஆரியங்காவுச் சாவடியில் மூன்று கிலோ

பைக்குள் என்ன என்றார் சுகதன் சார்.
கல் என்றேன்.
எத்தனை லோடு என்று கேட்டே பழகிய வாய்
ஒரு கணம் தடுமாறியது.
பின்னால் பதினோரு டிப்பர்கள்,
புளியரையிலிருந்து முக்கி ஏறி வந்த ஜல்லி, எம்-சாண்ட்,
கொல்லத்தில் யாரோ கட்டும் வீட்டின் மாடி.

நாலு கல், சார். மொத்தம் மூணு கிலோ.
படிவத்தில் 'கனிமம்' என்ற கட்டத்தில்
குவார்ட்ஸ் என்று எழுதினேன்.
ஸ்வர்ணம் உண்டோ? சிரிக்காமல்தான் கேட்டார்.
டைட்டானியம் உண்டு.
பத்து லட்சம் பங்கில் நாற்பது பங்கு.
மூக்காண்டி ஸ்டியரிங்கில் தலை கவிழ்த்துச் சிரித்தான்.

அவரிடம் சொல்லாமல் விட்டது:
இந்த மேசைக்குக் கீழே, வெகு ஆழத்தில்,
மலை ஒரு காலத்தில் பக்கவாட்டில் நழுவியது.
உடைந்து அல்ல.
குளிர்ந்த கல்தான் நொறுங்கும்;
கொதிக்கும் ஆழத்தில் அது
பார்டர் கடை மாஸ்டர் கையில் மாவு போல
இழுத்த பக்கம் போகும்,
ஒரு விரற்கடை போக எத்தனை வருஷமோ.

முடியை விட மெலிதாய்ச் சீவி
எலக்ட்ரான் கற்றையில் காட்டினால்
மணியின் நடுவில் நீலம் ஒளிரும்.
நழுவுவதற்கு முன்பிருந்த சூடு அது.
ஓரமெல்லாம் இருட்டு.
இழுபட்டபோது புதிதாய் முளைத்த பொடி மணிகள்,
டைட்டானியம் பாதிகூட இல்லை.
ஒரே கல்லில் இரண்டு வெப்பம்,
நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம்.
மீதி எங்கே போனது?
தண்ணீர் கொண்டுபோனது என்கிறார் என் கைடு.
நான் ஒப்புக்கொள்ளவில்லை.
ஏழு மாதமாய் இதே சண்டை,
பாதி மின்னஞ்சலில்.

பூகம்பம் வருமோ? குரல் தாழ்ந்தது.
வீட்டில் தெற்குச் சுவரில் ஒரு விரிசல்,
போன மழைக்கு விரல் நுழைந்தது,
இப்போது பேனா.
வீடு ரோட்டோரமா என்றேன்.
ரோட்டோரம்தான்.
விரிசலுக்குக் காரணம் கீழே இல்லை, சார்.
திரும்பி டிப்பர்களைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
பிறகு வேறு வழியில்லாமல்
தடுப்புக் கம்பை உயர்த்தினார்.

முதல் வண்டி கடந்தது. கட்டன் சாயாவில் வட்டங்கள்.
பதினொன்றும் போய் முடியும்வரை
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

தென்மலை தாண்டித்தான் பையைத் திறந்தேன்.
குறிப்பேட்டில் எழுதியது:
மாதிரி ஒன்று, இரண்டு, நான்கு, சரி.
மாதிரி மூன்று, சாவடி மேசையில்,
பெர்மிட் தாள்கள் பறக்காமலிருக்க.