மறுபடி மேலே

நொடிக்கு
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டுத் துடிப்பு.
பதினாறு பிட் பாத்திரம்
இரண்டே நொடியில் நிரம்பிப் பூஜ்யமாகும்.
எத்தனை முறை வழிந்தது என்று எண்ண
நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கினேன்.
ஒன்றரை நாள் தாங்கியது.
அதற்கும் இன்னொரு பதினாறு பிட் கொடுத்தேன்:
இருநூற்று எழுபத்திரண்டு ஆண்டு!
பேட்டரிக்கு ஆயுசு நாலு என்று ரேத்தோ சிரித்தான்.

பியல் ஏரி மதகில் மாட்டிய கருவி
செவ்வாய் இரவு மூன்று மணிக்கு
இரண்டு நொடி பின்னால் குதித்தது.
தண்ணீர் என்னவோ முன்னால்தான் போயிற்று.

மூன்று காப்பிக்குப் பிறகு பிடிபட்டது.
மேற்பாதியைப் படித்துவிட்டுக்
கீழ்ப்பாதிக்கு வருவதற்குள்
கீழே கவிழ்ந்திருக்கிறது.
மேலே, கீழே, மறுபடி மேலே.
மாறியிருந்தால்
முதலிலிருந்து படி.
நான்கு வரி நிரல், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, குடியேற்ற அலுவலகம்.
வருஷம் தவறாமல் காலாவதியாகும் என் அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இங்கே எத்தனை ஆண்டு?" என்றாள்
கண்ணாடிக்கு அப்பால் ஏஷ்லிமான் அம்மாள்.
ஆறு என்று வாயெடுத்தேன்.
சுவரில் ஜனவரி ஒன்பது.
நான் பெட்டியோடு வந்திறங்கியது
ஒரு ஜனவரி எட்டு, பனிமழை.

பொறுங்கள் என்றேன்.
வருஷம், தேதி,
மறுபடி வருஷம்.

ஏழு.
பென்சிலால் எழுதிக்கொண்டாள்.