நிறுத்தும்போது மட்டும்

ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.
நிறுத்தும்போது மட்டும் அலறும்.

நான்கு வருடமாக
கிளைபேடா படகுத்துறையின் டிக்கெட் சர்வர்
ஞாயிறு இரவுகளில் இப்படித்தான் செத்தது:
பதினேழு வரி சிவப்பு எழுத்து,
பிறகு இருட்டு.
"சாகப்போவது கத்திவிட்டுத்தான் சாகட்டுமே" என்று
விதேனிஸ் காபி ஊற்றிக்கொள்வான்.
நானும்தான்.

வைவா வேலைக்கு வந்த மூன்றாம் வாரம்
அந்தப் பதினேழு வரியையும் படித்தாள்.
படித்த முதல் ஆள்.

மூடிய சாக்கெட்டையே மறுபடி மூடியிருக்கிறோம்.
கதவைப் பெயர்த்து எடுத்துப்போன பிறகும்
வாசல் இருந்த இடத்தில் ஒரு திரெட் நிற்கிறது,
யாராவது தட்டுவார்கள் என்று.
அக்கரையில், ஸ்மில்தினேயில்,
சைக்கிளைப் பிடித்தபடி யாரோ ஒருவர்.
பணம் போய்விட்டது. சீட்டு வரவில்லை.
எத்தனை ஞாயிறுகள்.

அவள் புதிதாக எதுவும் எழுதவில்லை.
ஒரு வரியை அழித்தாள், இரண்டை இடம் மாற்றினாள்:
இனி யாரையும் உள்ளே விடாதே.
உள்ளே இருப்பவர்கள் முடிக்கட்டும், முப்பது நொடி.
அப்புறம் மூடு.
ஒரே ஒரு தடவை.

மணி பதினொன்றே முக்கால். காயல்மேல் மூடுபனி.
நிறுத்தினேன்.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
பழக்கதோஷம், சிவப்பைத் தேடியது கண்.
இருபத்தோராம் நொடியில்
அக்கரையில் ஒரு டிக்கெட் அச்சானது:
ஆள் ஒன்று, சைக்கிள் ஒன்று.
பிறகு திரையில் ஒரு பூஜ்ஜியம்.
அவ்வளவுதான்.

"செத்துவிட்டதா? சத்தமே காணோம்"
என்று எட்டிப் பார்த்தான் விதேனிஸ்.

கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி
வைவா
அடுத்த எச்சரிக்கையைப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.