கீழ்த்தளம்

கடிதங்கள் எல்லாம் இசக்கி சாருக்கே வரும்.
இந்தப் பக்கம் ஆணுக்கும் அந்தப் பேர்தான்,
பெண்ணுக்கும் அந்தப் பேர்தான்.
கதவைத் திறந்து வருகிறவர்கள்
என் நாற்காலிக்குப் பின்னால் யாரையோ தேடுவார்கள்.
தேடி முடிக்கட்டும் என்று
ஃபேனைக் கூட்டி வைப்பேன்.

பதினெட்டு வருஷம்.
வண்ணார்பேட்டையில் ஒற்றை ஷட்டர் கடையை
பாத்திரக்காரர் ஒருவருக்குப் பிடித்துக் கொடுத்ததில் தொடக்கம்.
'ஏட்டி, பொட்டப்பிள்ளைக்கு என்னத்துக்குக் கமிஷன்,
ஒரு குத்துவிளக்கு எடுத்துட்டுப் போ' என்றார்.
நாலு நாள் அவர் கடைவாசலில் நின்றேன்.
ஐந்தாம் நாள் ரூபாய் வந்தது.
எண்ணித்தான் வாங்கினேன்.

வில்லங்கச் சான்றில் முப்பது வருஷம் பின்னால் போய்
கையெழுத்துப் போடாத தங்கச்சியைக் கண்டுபிடிக்கப் படித்தேன்.
சதுர அடிக் கணக்கில்
சுவர் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று
நடந்தே சொல்லப் படித்தேன்.

பிறகு புறவழிச்சாலையில் ஆறு மாடி.
வங்கி, கண் ஆஸ்பத்திரி, ஜவுளி,
உச்சியில் சென்னைக் கம்பெனியின் இருநூறு நாற்காலிகள்.
'ஆறு கிட்டக்க கெடக்குக்கா,
கீழ ஒரு தளம் வேண்டாம்' என்றான்
சைட் இன்ஜினியர் ஜெபஸ்தியான்.
கார் நிறுத்த இடமில்லாமல் எவன் வருவான் என்றேன்.
வரைபடத்தில் கையெழுத்து என்னுடையது.

மார்கழி பிறந்த அன்று தாமிரபரணி
கேட்டில் டோக்கன் வாங்காமல் உள்ளே வந்தது.
முப்பத்தொரு கார். இரண்டு ஜெனரேட்டர்.
லிஃப்டின் அடிவயிறு.
ஜவுளிக்காரரின் பொங்கல் சரக்கு நானூறு பெட்டி,
சாயம் போகாது என்று எழுதி ஒட்டியவை.

சென்னையில் நீள மேஜை.
காண்டிராக்டர் மேல் போடலாம் என்றார் ஒருவர்.
இன்ஜினியர் என்ன செய்தான் என்றார் இன்னொருவர்.
அவன் வேண்டாமென்றது வெறும் வாய்ப்பேச்சு,
காகிதத்தில் இல்லை.
காதில் விழுந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.
தண்ணீர் ஒரு மிடறு குடித்தேன்.
சொன்னான், நான் கேட்கவில்லை என்றேன்.

அந்த வருஷ போனஸ் போயிற்று.
வாடகைக்காரர்களுக்கு மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தேன்,
அதற்கு இரண்டு முறை சண்டை.
ஜெபஸ்தியான் ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை,
ஏனென்று நானும் கேட்கவில்லை.

பெயிண்ட் அடிக்க வந்த மாசானம்
தூண்களில் ஓடிய சேற்றுக்கோட்டைத் தேய்க்கப் போனான்.
மேலே அடி, கீழே அடி,
அதை மட்டும் விடு என்றேன்.

இப்போது இடம் கேட்டு வருகிறவர்களை
முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறேன்.
என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அது ஓடுகிறது.
மூன்று பேரில் ஒருவர்
காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.
மற்ற இருவர் கோட்டைப் பார்த்தபடியே
வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

குறைப்பதில்லை.