நாலரை மணி

ஸ்ரீஹரிகோட்டாவில் ஆறு; இங்கே நாலரை.
முதல் தேதிக்கு லீவு கேட்டேன்,
மழையென்று தள்ளினார்கள்.
இரண்டாவதற்கும் கேட்டேன்,
வால்வு ஏதோ ஒழுகியதாம்.
மூன்றாவதற்கு
எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதனால் பெல் மார் கரையில்
சவுக்கு மரத்தில் சைக்கிளைச் சாய்த்து
ரொட்டிக் கூடையோடு நிற்கிறேன்.
ஷான்-நோயல் வலையை உதறுகிறான்:
"லோகினி, மீன்கூட
இவ்வளவு காக்க வைக்காதே!"

தும்பாவில், அறுபத்து மூன்றில்,
ராக்கெட்டின் மூக்கை
சைக்கிள் கேரியரில் வைத்துத்
தள்ளிப் போனார்கள் என்கிறேன்.
என் கேரியரைப் பார்க்கிறான்.
ரொட்டியைப் பார்க்கிறான்.
நம்பவில்லை.

போனில் எண்கள் இறங்கி, சுழி.
அங்கே கேலரியில் கைதட்டுகிறார்கள்.
இங்கே அதே அலை,
அதே நண்டு, அதே இருட்டு.
கால் மணி நேரம் கழித்து
வடகிழக்கு விளிம்பில் ஒரு பொட்டு
கலங்கியது, நகர்ந்தது,
இல்லை.

"படகு விளக்கு" என்றான்.
"நாலாம் கட்டம்" என்றேன்.
இருநூறு ரூபாய் பந்தயம்;
தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்லை.

ரொட்டி ஆறிவிட்டது.
இனி வாசலுக்கு வாசல்
தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்:
மழை என்று,
வால்வு என்று,
எதையாவது.