பிறந்த ஊர்: பரங்கிப்பேட்டை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில்
மீன் வாடை முடிந்து
கொத்தமல்லி வாடை தொடங்கும் மூலையில்
விருத்தாம்பாள் பரங்கிக்காய் அறுக்கிறாள்.

நான் ரங்கப்பிள்ளை வீதி மாடியில்
முத்திரை குத்தும் மொழிபெயர்ப்பாளன்.
பிறப்பு, கலியாணம், சாவு
மூன்றையும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு ஏற்றி
அனுப்புகிறவன், பக்கம் முந்நூறு ரூபாய்.
இவளிடம் காசு வாங்குவதில்லை.
காய் வாங்கிக்கொள்வேன்.

இன்றைக்குக் கேட்டாள்:
‘அந்த நாட்டுக்கு
அந்தப் பேரு எப்படி சார் வந்துச்சு?’

மகன் நாலு வருடமாய்ப் பாத்திரம் கழுவும் நாடு.
காகிதம் இன்னும் தராத நாடு.
கேட்க அவளுக்கு உரிமை இருந்தது.

சொன்னேன்:
ரைன் என்றொரு ஆறு.
அதன் கரையில் ஃபிராங்க் என்றொரு கூட்டம்.
அவர்கள் எறிந்த ஈட்டிக்குத்தான் அந்தப் பெயர்,
பிறகு ஆளுக்கு வந்தது என்கிறார்கள் சிலர்.
இல்லை, யாருக்கும் கட்டுப்படாதவன்
என்பதே பொருள் என்கிறார்கள் வேறு சிலர்.
படித்தவர்களுக்குள் வழக்கு
இன்னும் முடியவில்லை.

கத்தி காய்க்குள் பாதியில் சிக்கி நின்றது.
எடைக்கல்லால் அதன் முதுகில் ஒன்று போட்டாள்.
‘இதுல என்ன சார் வழக்கு?
ஈட்டி எவன் கையில இருந்துச்சோ
அவன் யாருக்குக் கட்டுப்படணும்?’
பரங்கி இரண்டாய்ப் பிளந்தது.

மீதிக் கதையை நான் சொல்லவில்லை.

சிலுவைப் போருக்குப் போனது அந்தச் சொல்.
அரபிக்காரன்
மேற்கிலிருந்து வந்தவனையெல்லாம்
அந்த ஒரே பெயரால் கூப்பிட்டான்.
பாரசீகத்தில் அது ஃபரங்கி.
கப்பலேறி நம் கரைக்கு வந்தபோது
நம் உதடு அதை மூடித் திறந்து
பரங்கி என்றது.

அப்போது இறங்கியவனோ போர்த்துகீசியன்.
ஆள் ஒருவன், பேர் இன்னொருவனுடையது.
நாம் விசாரிக்கவில்லை.
அவன் தங்கிய இடம் பரங்கிப்பேட்டை,
அவனோடு வந்த காய் பரங்கிக்காய்,
வந்த புண் பரங்கிப்புண்.
நல்லது கெட்டது பார்க்காமல்
ஒரே பெயரை வாரி இறைத்தோம்.

பின்னால்
பெயருக்கு உரியவனே வந்து
இங்கே கோட்டை கட்டினான்.
தன் நாட்டின் பெயர் தனக்கு முன்பே வந்து
குப்பைமேட்டில் கொடியோடிக் காய்த்து
சந்தையில் பத்தை பத்தையாய்
விலைபோவதை அறியாமல்
அவனும் வாங்கித் தின்றிருப்பான்.

கொளஞ்சிநாதனின் பிறப்புச் சான்று
என் மேசையில் இருக்கிறது.
தந்தை பெயர் முடிந்தது.
தேதி முடிந்தது.
பிறந்த ஊர்: பரங்கிப்பேட்டை.

ஊர்ப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது,
ஒலியை மட்டும் எழுத வேண்டும், அது விதி.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒருமுறையும் மீறியதில்லை.
நேற்று மட்டும் பேனா அங்கே நின்றது.
பெயர்த்தால்
பிரான்சுக்காரன் குடியிருப்பு என்று வரும்.
நின்றது அவ்வளவுதான்.
பதின்மூன்று ரோமன் எழுத்துகளை
ஒவ்வொன்றாய் வைத்து முத்திரையிட்டேன்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர்
ஐந்தாம் எழுத்தில் தடுக்குவார்.
இது எங்கே இருக்கிறது என்பார்.
கடலூர் பக்கம் என்பான் கொளஞ்சி.
அவர் எழுதிக்கொள்வார்.
தன் பெயரைத்தான் எழுதுகிறோம் என்பது
அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

‘இந்தத் தடவை கிடைச்சிருமா சார்?’

எனக்குப் பதில் தெரியவில்லை.
பேச்சை மாற்ற,
அங்கேயும் பரங்கி கிடைக்கிறதாமே,
பத்தை போட்டுத்தான் விற்கிறார்களாம்,
கிலோ நாலு யூரோ என்றேன்.
‘நம்ம காசுக்கு?’
நானூறுக்கு ஒட்டி வரும் என்றேன்.

கத்தியைக் கீழே வைத்துச் சிரித்தாள்.
கண் துடைக்கும் அளவுக்குச் சிரித்தாள்.
பிறகு
என் பையில் போட்டிருந்த பத்தையை
வெளியே எடுத்து, பார்த்து,
ஓரத்தில் இரண்டு விரல் அளவு
நறுக்கிக்கொண்டு
திருப்பிக் கொடுத்தாள்.