ஆளோடு சேர்த்து

நாலு சக்கரத்துக்கும் நாலு தராசு வேண்டும்.
குலசேகரத்தில் றசலையன் டெப்போவில்
ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசுகள்
ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும்.
"ஷீட்டில கிரீஸ் பட்டா நீதான் வாங்கணும், கேட்டியா"
என்றுதான் சாவியைத் தந்தார்.
புளித்த பால் மணத்துக்கு நடுவே
குழாய் வளைத்து நான் பற்றவைத்த வண்டியைத் தூக்கி வைத்தோம்.
முன்னால் இடம் நூற்றிநாலு, வலம் தொண்ணூற்றெட்டு.
பின்னால் மாருதி எஞ்சின் குந்தியிருக்கும் பக்கம்
நூற்றிமுப்பத்தொன்பது, நூற்றிமுப்பத்தைந்து.
பினோ கூட்டினான்: நானூற்றி எழுபத்தாறு.
"ஒரு எருமை வரும்" என்றார் றசலையன்.

மார்த்தாண்டம் மேம்பாலத்து நிழலில்
செய்யதலி கடையில் ஸ்பிரிங்குகள் தொங்கின.
"நாலு கிலோ போடு மக்கா, ரேஸ் வண்டிக்கு அதுதான் கெத்து."
ஒரு மில்லிமீட்டர் அமுங்க நாலு கிலோ கேட்கிற கம்பி.
கனத்த வண்டியை அது தாங்கும்.
என்னுடையதைத் தூக்கி எறியும்.
அருமனை ரோட்டின் ஒவ்வொரு குழியும்
கடைவாய்ப் பல்லில் வந்து பெயர் சொல்லும்.
சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது
பிரேக் எதைப் பிடிக்கும்?

சிமெண்ட் சாக்கின் உட்காகிதத்தில் கணக்குப் போட்டேன்.
சாய்த்துப் பொருத்தியிருக்கிறேன்,
சக்கரம் பத்து ஏறினால் ஸ்பிரிங் ஏழுதான் அமுங்கும்.
ஏழை ஏழால் பெருக்கு:
கம்பியின் பலத்தில் பாதிதான் தரைக்குப் போகிறது.
மீதியை வழியில் யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி.
நான் மட்டும் ஓட்டினால் ரெண்டு கிலோ போதும்.
பக்கத்தில் ஆள் இருந்தால் ரெண்டரை.
ஆள் என்றால்
எவ்வளவு ஆள்?

லிஜிஷாவைக் கூப்பிட்டேன்.
கருங்கல் கூட்டுறவு வங்கியில் அவளுக்குச் சோற்று நேரம்.
"உனக்க எடை எவ்வளவு?"
போன் வைக்கப்பட்டது.

டேம்பருக்கு மூன்று நாள் அலைந்தேன்.
ஆட்டோவில் கழற்றிய ஒன்றைக் கையால் அமுக்கிப் பார்த்தேன்,
உள்ளே போக மனமில்லை, வெளியே வர ஒரே அவசரம்.
எனக்கு வேண்டியது மறுமாதிரி.
அடியைச் சட்டென்று வாங்கணும்,
பைய திருப்பித் தரணும்.
ஸ்பிரிங்குக்கு ஒரு குழியையும் விடத் தெரியாது,
சும்மா விட்டால்
அடுத்த குருசடி வரை அதையே சொல்லிச் சொல்லி ஆடும்.
கடைசியில் பைக்கில் இருந்து இறக்கிய ஒரு ஜோடி,
தலையில் திருகு, பதினாறு சொடுக்கு.

பக்கத்து இருக்கையில் ஒரு கட்டு ரப்பர் ஷீட்டை வைத்து பெல்ட் போட்டேன்.
இரவல் வாங்கிய ரெண்டு கிலோ ஸ்பிரிங்.
திருகைப் பத்துக்கு இறுக்கினேன், கூடிப்போச்சு.
ஒவ்வொரு குழிக்கும் வண்டி கொஞ்சம் இறங்கியது.
எழும்ப நேரம் கிடைக்குமுன் அடுத்த குழி,
இன்னும் கொஞ்சம்.
குருசடி முன்னாலுள்ள வேகத்தடையில் வயிறு உரசி
சைலன்சர் தனியே நின்றுவிட்டது.
மெழுகுவத்தி ஏற்ற வந்தவர்கள் எங்களையும் கும்பிட்டார்கள்.
ஆறு சொடுக்கில் சரியாகும் என்று பினோவிடம் சொன்னேன்.
"ஷீட்டுக்குச் சரியாகும்" என்றான்.

புதன்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ்.
"அம்பத்தேழு. பினோகிட்ட சொல்லப்படாது."

காலையில் ரெண்டரை கிலோ ஜோடி வாங்கினேன்.
செய்யதலி ஏன் என்று கேட்டார்,
ரோடு மோசம் என்றேன்.
அவள் ஏறினால் பின்பக்கம் பதினாலு மில்லிமீட்டர் தாழும்.
மட்கார்டை அந்தப் பதினாலுக்கு உயர்த்தி வெல்ட் வைத்தேன்.
சாக்குக் காகிதத்தில் 'ஆள்' என்று எழுதியிருந்ததை
அடிக்கவில்லை.