நாற்பது காசு

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.
டோல் சாவடிக்கு இந்தப் பக்கம் இரண்டு மைல் வரிசை.
பின் இருக்கையில் ஆரஞ்சுப் பெட்டி,
அதன்மேல் தூங்கும் பிள்ளைகள்.
மாலைப் பூசையில் பாதர் அலோசியஸ்
கட்டைவிரலைச் சாம்பலில் தோய்த்து
என் நெற்றியில் இழுத்துவிட்டு
அடுத்த நெற்றிக்குப் போனார்.
எங்கள் சாவடி அட்டை போலத்தான்:
தொட்டால் போதும், கட்டை தூக்கும்.

இந்தக் கட்டை
அவ்வளவு சுலபத்தில் எழுவதில்லை.

இரவு ஷிப்டில் ரொஹானா ஈரத் துணியோடு வந்தாள்.
"காக், நெற்றியில் கரி."
சூப்பர்வைசர் தேவேந்திரன் எட்டிப் பார்த்தார்:
"உங்களுக்கும் விபூதியா?"
"விபூதிப் புதன், சார்."
அவருக்கு மூன்று கோடும் படுத்திருந்தன.
எனக்கு ஒன்று நின்றது.
ரொஹானாவுக்கு நாளை முதல் நோன்பு.
"அப்போ கேன்டீன்காரன் பாடு திண்டாட்டம்" என்று
துணியை மடித்துக்கொண்டு போனாள்.

போன வருடக் குருத்தோலை
கதவு நிலைக்கு மேலே
பல்லி முட்டையோடு காய்ந்து கிடந்தது.
எரிக்க நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஓசன்னா என்று ஆட்டினோமே,
அதுதான் இப்போது கறுப்பாக நெற்றியில்.
இதற்கு மேல் அர்த்தம் கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

தவக்காலத்துக்கு எதை விடப்போறே, என்றாள் மகள்.
காப்பியா, கருவாடா, ராத்திரி நாடகமா?

என்னை விடாத ஒன்று இருக்கிறது.
அவளிடம் சொன்னதில்லை.

கையில் காசு வாங்கிய காலம் அது.
மழை. விடியாத மூன்று மணி.
பழைய புரோட்டோன் சாகா,
பின்னால் போர்வைக்குள் யாரோ முனகினார்கள்.
நாற்பது காசு குறைந்தது அவனிடம்.
சிகரெட் சாம்பல் தட்டைக் கவிழ்த்துத் தேடினான்.
காலடி மிதியைத் தூக்கித் தேடினான்.
"அக்கா, ஆஸ்பத்திரி" என்றான்.
என் கைப்பையில் சில்லறை இருந்தது.
சுவரில் விதிமுறை இருந்தது.
ஹாரன் அலற அலற
அவனைப் பின்னோக்கி எடுக்க வைத்தேன்.
அவனுக்கு வழிவிட
ஆறு வண்டிகள் பின்வாங்கின.
அன்றைய கணக்கு சுத்தம்.
ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை.

நாற்பது நாள் என்று பீடத்தில் வாசிக்கிறார்கள்.
எனக்கு அது காசாகவே காதில் விழுகிறது.

வெள்ளிக்கிழமை நாலரைக்குப் புறப்பட்டேன்,
பிறையிலிருந்து
புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு.
"கிராப் எடுத்தா இருபது நிமிஷம்மா."
தெரியும்.
"உன் முட்டி?"
அதுவும் தெரியும்.
ஊர்ப் பெயரில்தான் பிறை இருந்தது,
வானத்தில் மேகம்.
பத்தொன்பது வருடம்
பிறர் பயணத்துக்குச் சில்லறை எண்ணியவளுக்கு
காலுக்கு டோல் இல்லை என்பது
ஜாலான் பாரு தாண்டித்தான் உறைத்தது.
சஹூர் கடையில் ரொட்டி வீசும் சத்தம்.
செருப்பு வார் கடித்தது.
ஜெபமாலையில் மூன்றாம் பத்தா, நான்காம் பத்தா,
கணக்குத் தப்பிவிட்டது.
தப்பட்டும் என்று நடந்தேன்.

சிக்னலில் ஒரு கார் என் பக்கம் ஒதுங்கியது.
கண்ணாடி இறங்கியது.
என் கை தானாக நீண்டது,
உள்ளங்கை மேலாக.
பாழும் பழக்கம்.
உள்ளே தொழிற்சாலைச் சீருடையில் மலாய்ப் பையன்.
வழி கேட்கத்தான் நிறுத்தியிருப்பான்.
நீண்ட கையைப் பார்த்தான்,
மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான்,
ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தான்.
"சீக்கிரம், மக்சீக், நேரம் முடியப் போகுது."

எதற்கு என்று கேட்கவில்லை.
பற்றாக்குறை எவ்வளவு என்று கேட்கவில்லை.
பச்சை விழுந்தது. போய்விட்டான்.

கை கொஞ்ச நேரம்
நீண்டபடியே இருந்தது.

இப்போது குன்று தெரிகிறது.
இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கும்.
பழம் எப்போதோ கரைந்துவிட்டது.
கொட்டையைத் துப்ப மனமில்லாமல்
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடக்கிறேன்.